சித்தப்பாவுக்காகப் பேசிய மூன்று நிமிடம்

இருபத்திரண்டு வயதில் நினைவுக் குறிப்பு எழுதுவது செருக்கு என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். என்னோடு மேடையேறியவர்கள் நீங்கள். என் செருக்கை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். கல்லூரிக்கு வந்த நான்கு ஆண்டுகளில் நான் தோற்ற மேடைகளை ஒரு கைவிரல்களில் எண்ணி முடித்துவிடலாம். அதிலும் இரண்டு விரல் மிஞ்சும். அப்படிப்பட்டவள் சென்ற வாரம் ஒரு தலைப்பைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனேன். "படைவீரர் போற்றத்தக்க வீரரா, பயிற்சி பெற்ற கொலையாளியா?" எந்தக் கட்சி வேண்டும் என்று கேட்டீர்கள். நான் பயந்துவிட்டதாக உங்களில் ஒருவர் சொன்னது என் காதுக்கும் வந்தது.

பயம்தான். இந்தத் தலைப்பில் நான் ஏற்கெனவே பேசியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது பதினொன்று. அந்தப் பேச்சில் நான் வென்றேன். வென்றதால் என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீவராகம் குளத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. இரண்டு தெரு தள்ளினால் அக்ரஹாரத்தில் தமிழ் கேட்கும். எங்கள் சந்தின் பத்தொன்பது வீடுகளில் எங்கள் வீட்டில் மட்டும்தான் தமிழ்; மற்றதெல்லாம் மலையாளம். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, சாலைக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை போட்டவர். பேச்சாளராக ஆசைப்பட்டு வியாபாரியானவர். ஆகவே தம் ஆசையை என் நாக்கில் ஏற்றிவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்னறையில், அடுக்கிவைத்த குடங்களுக்கும் தூக்குச்சட்டிகளுக்கும் முன்னால் நின்று நான் பேச வேண்டும். அப்பா ஒரு சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தட்டு தட்டினால் ஒரு நிமிடம் மிச்சம். இரண்டு தட்டு தட்டினால் முடிக்க வேண்டும். என் குரல் காலிக் குடங்களுக்குள் புகுந்து, சற்றுக் கனத்துத் திரும்பி வரும். அந்தக் கனம் என்னுடையது என்றே நம்பினேன்.

அப்பாவிடம் விதிகள் இருந்தன. கையை மார்புக்கு மேல் தூக்காதே. எண்ணைச் சொல்லும்போது நிறுத்திச் சொல். உன் கட்சிக்கு ஆகாததை உன் வாயால் சொல்லாதே. அதைக் கண்டுபிடிப்பது எதிர்க்கட்சியின் வேலை. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் கரண்டியை என் பக்கமாக நீட்டுவார். நாம் எல்லோரும் இன்றும் அதன்படிதான் பேசுகிறோம்.

அந்த ஆண்டு ஜூனில், இடவப்பாதி மழையோடு சித்தப்பா வந்து சேர்ந்தார். பதினாறு ஆண்டு பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர்; அப்பாவின் ஒரே தம்பி. வெள்ளை எழுத்தில் எண் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டி, பச்சை எனாமல் குவளை, நீளமான கான்வாஸ் பை. பெட்டியைத் திறந்தால் கடுகெண்ணெயும் பூட் பாலிஷும் கலந்த வாசனை அறை முழுவதும் ஏறும். அந்தப் பெட்டியின் மேல் ஏறி நின்று எத்தனை பேச்சு பழகியிருப்பேன்! இப்போது அது எங்கே போயிற்றென்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

சித்தப்பாவுக்கு ஒன்று வேண்டியிருந்தது. விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை தொடங்கியிருந்த நேரம். அங்கே காவல் மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போட்டு, நேர்முகம் முடிந்து, போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழுக்காகக் காத்திருந்தார். நாகர்கோவிலில் அவருக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். வேலை ஆணையைப் பார்த்த பிறகு நாள் குறிக்கலாம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். முப்பத்தாறு வயதில் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் ஒரு காகிதத்துக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தது.

சந்தில் எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பால் கொண்டுவருபவர் கேட்டார். மீன் கொண்டுவரும் அக்கா கேட்டார். நானும், ஒரு பேச்சுக்குக் குறிப்பு எடுப்பதாகச் சொல்லி நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டேன். எத்தனை பேரைக் கொன்றீர்கள்?

சித்தப்பா குவளையிலிருந்த சாயாவை முழுவதும் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நான் அதிகம் தூக்கினது மண்ணெண்ணெய் டின் மக்ளே. மலை மேல பத்து மாசம் அதுதான் வேலை. எழுதிக்கோ."

நான் எழுதவில்லை. மண்ணெண்ணெய் டின் என் கட்சிக்கு ஆகாது.

அவர் காலையில் ஓடப் போவார். குளப்படியில் ஏழு நாய்கள் இருந்தன. மூலை வீட்டு டீச்சர் அவற்றுக்குத் தினமும் சோறு வைப்பார். சித்தப்பா ஓடும்போது அவையும் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடும். முடிவில் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வரிசையாகப் போடுவார். ஒன்று வரிசை மீறினால், "லைன், லைன்" என்பார். காது கிழிந்த வெள்ளை நாய் ஒன்று எப்போதும் கடைசியில் நிற்கும்.

கடித்தது அந்த ஏழில் ஒன்று அல்ல. அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கர்க்கடக மாதத்து மழைக்கால மாலை அது. ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரியின் பேத்தி, ஐந்து வயது, மஞ்சள் மழைக்கோட்டோடு ஸ்கூல் வேனிலிருந்து இறங்கினாள். நான் எதிர்வீட்டு மதிலருகே நின்றிருந்தேன். மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு செவலை நாய் தலையைத் தொங்கப்போட்டு, நேர்க்கோட்டில், எதையும் பாராமல் வந்தது. வாயிலிருந்து நூல் நூலாக வடிந்தது. அது குரைக்கவே இல்லை. பிள்ளையின் கன்னத்தைக் கவ்வியது. மஞ்சள் கோட்டு கீழே விழுந்து, நாய் தலையை உதற உதறத் தரையில் அப்படியும் இப்படியும் புரண்டது. வேன்காரர் ஹாரனை அழுத்தினார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மதில்மேல் எட்டிப்பார்த்த முகங்கள் எல்லாம் கத்தின. இறங்கி வந்தவர் ஒருவர்.

சித்தப்பா நாயின் வாய்க்குள் தம் இரண்டு கைகளையும் விட்டார். மேல்தாடை ஒரு கையில், கீழ்த்தாடை ஒரு கையில். பிள்ளையின் கன்னத்தை விடுவித்த பிறகும் அவர் கைகளை எடுக்கவில்லை. முழங்காலை அதன் கழுத்தில் ஊன்றினார். ஈரத் துணியைப் பிழிவது போன்ற ஓர் ஓசை வந்தது. பிறகு ஒரு முறிவு. செவலையின் பின்னங்கால்கள் வெகுநேரம் தேங்கிய மழைத் தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தன. அவர் முகத்தை அப்போது நான் பார்த்தேன். கோபம் இல்லை, அச்சம் இல்லை. கணக்கு வகுப்பில் கடைசி வரியை எழுதுகிறவன் முகம் அது.

பிள்ளை பிழைத்தாள். கன்னத்தில் பதினான்கு தையல். சித்தப்பாவின் இரண்டு கைகளிலும் பல் இறங்கியிருந்தது. அவருக்கும் ஊசி போட்டார்கள். செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கு வந்து, அவருடைய கட்டுப்போட்ட கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பதினாறு ஆண்டு வாடகைக்கு இருந்த எங்கள் வீட்டுப் படியை அவர் மிதித்தது அதுவே முதல்முறை. அப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தார்.

சுதந்திர தினத்தில் அசோசியேஷன் கொடியேற்றினார்கள். சந்து முனையில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ்: சீருடையில் சித்தப்பாவின் முகம், கீழே மலையாளத்தில் "நம்முடைய வீர ஜவான்". அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வரவேற்புப் பேச்சு என்னுடையது. தமிழில் எழுதி, மலையாளத்தில் மாற்றி, குடங்களுக்கு முன்னால் ஒன்பது முறை பழகிய பேச்சு. படைவீரன் ஏன் போற்றத்தக்கவன் என்பதற்கு மூன்று காரணம் சொன்னேன். கைதட்டல் குளத்தின் அக்கரை வரை போய்த் திரும்பியது. எனக்கு ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு; எங்கள் கடையில் வாங்கியதுதான். சித்தப்பா கட்டுப்போட்ட கையால் கொடிக்குச் சல்யூட் அடித்தார். கட்டின் நுனி காற்றில் ஆடியது.

பேச்சு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நல்லா பேசின. அந்தப் பிள்ளைக்க வலியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." எனக்கு அது குறையாகவே பட்டது. மூன்று காரணங்களில் பிள்ளையின் வலிக்கு இடம் ஏது?

அதற்குள் சந்தை வேறொரு பயம் பிடித்துவிட்டது. செவலை குளப்படி நாய்களையும் கடித்திருக்குமோ? யாரும் பார்க்கவில்லை; யாரும் பார்க்காததால் எல்லோரும் நம்பினார்கள். மாநகராட்சிக்கு எழுதினார்கள், வண்டி வரவில்லை. யாரோ விஷம் தடவிய இறைச்சியைக் குளக்கரையில் போட்டார்கள். நாய்கள் முகர்ந்துவிட்டுப் போய்விட, மூன்று காக்கைகள் செத்து நீரில் மிதந்தன. அடுத்த ஞாயிறு செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கு இரண்டாம் முறையாக வந்தார்.

நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். இந்த உரையாடலைச் சொல் பிசகாமல் சொல்ல என்னால் முடியும். பிறகு ஒருநாள் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

செக்ரட்டரி சுற்றி வளைத்துத்தான் தொடங்கினார். குழந்தைகள் பயந்து ஸ்கூலுக்குப் போவதில்லை என்றார். மற்றவர்கள் செய்தால் கொடுமையாகிவிடும், தெரிந்த கை செய்தால் நொடியில் முடியும் என்றார். சித்தப்பாவுக்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது.

"இல்ல சாரே. அன்னைக்கு பிள்ள வாயில இருந்துது. இதுங்க சும்மா படுத்துக் கிடக்கு."

செக்ரட்டரி விடவில்லை. எல்லைக்கு அப்புறம் இருந்தவர்களும் சும்மா நின்றவர்கள்தானே என்று, வேடிக்கையாகச் சொல்வது போலச் சொன்னார். சித்தப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். மறுபடியும் இல்லை என்றார்.

அப்போதுதான் அப்பா பேசினார். மேடையில் ஒருநாளும் பேசாத என் அப்பா, அன்று தம்பியிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். "லேய், நம்ம இங்க வந்து இருக்குற ஆளுங்க. ஒரு காரியம்னு வாசல் தேடி வந்து கேக்காங்க. செய்யாம இருந்தா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சு இவங்களுக்கு யாவாரம் பண்ண?"

சித்தப்பா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செக்ரட்டரியிடம் திரும்பினார். "பட்டாளத்துல ஒரு குண்டு செலவானாலும் யார் சொல்லிச் சுட்டேன்னு எழுதணும் சாரே. எனக்கு எழுத்துல தாங்க. ஒங்க மினிட்ஸ் புக்குல எழுதி, கமிட்டி மொத்தமும் ஒப்பு போடுங்க. அப்பம் செய்யுதேன்."

"எழுதாம், எழுதாம். அடுத்த மீட்டிங்கில எழுதாம். ஞான் பறஞ்ஞால் போரே?" என்றார் செக்ரட்டரி. அடுத்த கூட்டத்தில் எழுதிவிடுகிறோம், நான் சொன்னால் போதாதா என்று கேட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மூன்று உண்மைகள் என் காதில் விழுந்திருந்தன. அவர் இரண்டு முறை மறுத்தார். எழுத்து மூலம் ஆணை கேட்டார். செக்ரட்டரி தருவதாகச் சொன்னாரே தவிர, தரவில்லை. ஆனால் பதினொரு வயதுப் பேச்சாளி அன்று திரைக்குப் பின்னால் வெட்கப்பட்டாள். வீரன் காகிதம் கேட்பானா?

வியாழக்கிழமை ஹர்த்தால். நம் ஊர் ஹர்த்தாலை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பத்து மணிக்குள் மெயின் ரோடு வெறிச்சோடி, பையன்கள் அதன் நடுவில் ஸ்டம்பு நட்டுவிடுவார்கள். கடையில்லை, வண்டியில்லை, வெளியாள் இல்லை. அதனால்தான் கமிட்டி அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது. பதினொன்று முதல் பன்னிரண்டு வரை ஜன்னல்களை அடைத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிப் போனார்கள். டீச்சர் ஹர்த்தாலுக்கு முந்தைய நாளே மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில்.

சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டி, கான்வாஸ் ஷூ போட்டு வந்தார். கையில் எங்கள் கடையிலிருந்து அப்பா கொண்டுவந்து கொடுத்த இரும்பு உலக்கை. அவர் கூப்பிடக்கூட இல்லை. ஷூவின் ஓசை கேட்டதும் ஏழும் எழுந்து ஓடிவந்தன. பிஸ்கட் நேரம் என்று நினைத்து, தாமாகவே வரிசையில் நின்றன.

முதலாவது வாலை ஆட்டிக்கொண்டே விழுந்தது. இரண்டாவதும் ஒரே அடி. தேங்காய் உடைகிற ஓசையைவிடக் கனமான ஓசை. சுவர்களில் பட்டு இரண்டாகக் கேட்டது. மூன்றாவது முகத்தைத் திருப்பியதால் அடி முதுகில் விழுந்தது. பின்பாதி செத்துப் போக, முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு அது சித்தப்பாவிடமே வந்தது. அவரிடமிருந்து தப்புவதற்கு, அங்கே தனக்குத் தெரிந்த ஒரே மனிதரிடம் அது வந்தது. அது போட்ட கூச்சலில் அடைத்த ஜன்னல்களில் ஒன்று திறந்து, மறுபடியும் மூடியது. மேலும் இரண்டு அடி. நான்காவதும் ஐந்தாவதும் ஓட வழி தெரியாமல் மதில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அங்கேயே முடிந்தன. மதிலில் ஆள் உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது. சித்தப்பாவின் முகத்தில் மூக்கு எது, கன்னம் எது என்று தெரியவில்லை.

மிச்சமிருந்த இரண்டும் குளப்படியில் இறங்கி ஓடின. அவர் பின்னால் போனார். குளத்து மதில் மறைத்ததால் அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. ஓர் ஊளை கேட்டது, பாதியில் நின்றது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அதன் பிறகு யாரோ வாந்தியெடுக்கும் ஓசை, திரும்பத் திரும்ப, உள்ளே ஒன்றும் இல்லாமல் போன பிறகும். அவர் படியேறி வந்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தார். ஒன்றை இழுத்து வந்தார். மற்றது குளத்தில் மூழ்கியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உலக்கை அவர் கையில் நிற்காமல் இரண்டு முறை கீழே விழுந்தது.

நாய்களை இழுத்துப்போக ஏதாவது வேண்டுமே. செக்ரட்டரி வீட்டு கேட்டுக்கு மேலாக ஒரு சுருள் வந்து விழுந்தது. சித்தப்பா அதை விரித்தார். பத்து நாளுக்கு முந்தைய ஃபிளெக்ஸ். சீருடையில் அவர் முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்தது. சுருண்ட ஓரத்தை அவர் காலால் நீவிவிட்டார். பிறகு தம் முகத்தின் மேலேயே முதல் நாயைக் கிடத்தினார்.

மறுநாள் காலை டீச்சர் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, பெயர் பெயராகக் கூப்பிட்டார். பிறகு மதிலைப் பார்த்தார். பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அதற்கு அடுத்த நாள் மாலை ஒரு சேனல் வண்டி சந்துக்குள் வந்தது. பத்தொன்பது வீடுகளும் கதவை அடைத்துக்கொண்டன. நிருபர் வெறும் சந்தில் மைக்கை நீட்டியபடி நின்றார்.

மைக்கைப் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்கூல் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். என் சித்தப்பாவைக் கொடுமைக்காரன் என்கிறார்கள், அவர் கட்சியில் பேச ஒருவரும் இல்லை, நான் இருக்கிறேன். கையை மார்புக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எண்ணை நிறுத்திச் சொன்னேன்.

"ஏழு. ஏழு அடி, ஏழு எதிரிகள். அவர் கை நடுங்கவில்லை. அவர் மனம் தயங்கவில்லை. அவருக்கு யாரும் ஆணையிடவில்லை. ஆபத்தைக் கண்டால் தனக்குத் தானே ஆணையிட்டுக்கொள்பவன்தான் வீரன்."

இன்னும் இருக்கிறது, அதை எழுத மாட்டேன். மூன்று நிமிடம். தட்டும் கரண்டியும் இல்லாமலேயே சரியாக முடித்தேன். கேமராக்காரர் "சூப்பர் மோளே" என்றார்.

இரவுச் செய்தியில் காட்டினார்கள். அப்பா என் பேச்சின் அமைப்பைக் கேட்டுப் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினார், பொருளைக் கேட்கவில்லை. அம்மா கேட்டார். அடுப்படியிலிருந்து வந்து, என் வாயிலேயே ஓங்கி அறைந்தார். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. என்னை அவர் அடித்தது அந்த ஒருமுறைதான். "அந்தாளு வந்து கேட்டது, இவரு மாட்டேன்னது, எல்லாம் நீயும் கேட்டுட்டுதானட்டி இருந்த? அத ஏன் சொல்லல?"

வாயில் ரத்தத்தோடு நான் அப்பாவின் விதியைச் சொன்னேன். நம் கட்சிக்கு ஆகாததை நாம் சொல்லக்கூடாது.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் அசோசியேஷன் ஆபீசுக்கு வந்தார். மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டார். அதில் ஓணத்துக்குக் கயிறு இழுக்கும் வடம்வலிப் போட்டி நடத்துவது பற்றி ஒரு பக்கம் இருந்தது. நாய் என்ற சொல்லே இல்லை. செக்ரட்டரியின் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஞங்ஙள் ஆரும் பறஞ்ஞிட்டில்லா சாரே. அயாள் பட்டாளமல்லே? கொல்லான் படிச்சவன். குட்டி தன்னெ டிவியில் பறஞ்ஞல்லோ." நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவன் கொல்லப் படித்தவன், பிள்ளையே டிவியில் சொல்லிவிட்டாளே. இரண்டு வாரத்துக்கு முன் வீர ஜவான் என்று புகழ்ந்த அதே வாய். வீரன் என்ற சொல்லுக்கும் கொலையாளி என்ற சொல்லுக்கும் இடையே எங்கள் சந்தில் இருந்த தூரம் அவ்வளவுதான்: எழுதாத ஒரு பக்கம்.

சித்தப்பா அட்டென்ஷனில் நின்றிருந்தார். யாராவது சொல்லித்தான் செய்தீர்களா என்று அதிகாரி நியாயமாகவே கேட்டார். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு சித்தப்பா, ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். என் உதடு வீங்கியிருந்தது.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் செஞ்சேன்."

வழக்கு ஆறு ஆண்டு நடந்தது, அபராதத்தோடு முடிந்தது. நன்னடத்தைச் சான்றிதழ் வரவில்லை. விழிஞ்ஞத்து வேலை போயிற்று. நாகர்கோவில் பெண்ணுக்கு அடுத்த தை மாதத்திலேயே வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அந்த ஓணத்தில் சந்தில் அத்தப்பூக் கோலம் போட்டார்கள், வடம் இழுத்தார்கள். சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். குளப்படியில் அதன் பின்னும் ஒரு நாய் படுத்துக் கிடந்தது. வேறு தெருவிலிருந்து வந்ததாக இருக்கும் என்று நினைத்தோம். டீச்சர் குளப்பக்கம் போவதை நிறுத்திவிட்டிருந்தார்; மற்ற யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நான் கோப்பைகளை வாங்கத் தொடங்கியிருந்தேன்.

சென்ற வாரம் உங்களை விட்டு எழுந்து போனேனே, நான் போனது சாலைத் தெருக் கடைக்கு. சித்தப்பா இப்போது அங்கேதான் இருக்கிறார். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு குக்கர் ரிப்பேர் பார்க்கிறார். கைப்பிடி மாற்றுவது, கேஸ்கெட் போடுவது. கைகளில் அந்தப் பல் தடங்கள் வெள்ளை வெள்ளையாக இருக்கின்றன. மத்தியானம், கூட்டமில்லை. அருகில் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பதினொரு ஆண்டாகக் கேட்காததைக் கேட்டேன். அன்று அந்த அதிகாரியிடம் உண்மையை ஏன் சொல்லவில்லை?

அவர் கேஸ்கெட்டை மூடிக்குள் விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். "ஊரே டிவியில பாத்திருக்கு. பிள்ள சொன்னது பொய்யின்னு நானா சொல்லுவேன்?"

சொற்கள் முன்பின்னாக வந்தன. மேடையில் ஒருபோதும் நேராதது அது. எப்படியோ மன்னிப்பு என்ற சொல்லைத் தொட்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மூடியை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தார்.

"பேச்சு நல்லாத்தான் இருந்துது. ஆனா ஒரு தப்பு. ஏழுன்னு சொல்லிட்ட."

நான் மனதுக்குள் மறுபடியும் எண்ணினேன்.

"ஆறுதான் மக்ளே. ஒண்ண விட்டேன். அந்தக் காது கிழிஞ்சது. கடசிப் படியில போயி, தண்ணியில வாலு நனைய, என்னைப் பாத்துட்டே படுத்துக்கிச்சு. ஓடல. வரிசையில அதுக்க முறைக்கு நிக்கது மாதிரி. உலக்கைய ஓங்கினேன். ரொம்ப நேரம் ஓங்கிட்டே நின்னேன்." மூடியைக் கீழே வைத்தார். "கோர்ட்டு கடுதாசிலயும் ஏழுன்னுதான் போட்டிருந்துது. ஒன்னையப் பாத்துத்தான் எழுதிருப்பாங்க. விட்டதையும் எண்ணணும்லா?"

ஐந்து ஆண்டு, ஸ்கூலுக்குப் போகும்போதெல்லாம், பேச்சுக் குறிப்புகளை வாய்க்குள் முணுமுணுத்தபடி அந்த வெள்ளை நாயைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். அதன் காதை ஒருமுறையும் பார்க்கவில்லை.

தோழர்களே, தலைப்பை நான் ஏற்கிறேன். எந்தக் கட்சியை வேண்டுமானாலும் எனக்குக் கொடுங்கள். நாணயம் சுண்டிக்கூட முடிவு செய்யுங்கள். அந்தக் கட்சிக்கு ஆகாததை நானே முதலில் சொல்வேன். ஒரே அடியில் விழுந்தவற்றையும், அடி தவறி அவரிடமே ஊர்ந்து வந்ததையும் சொல்வேன். எழுதப்படாத பக்கத்தையும், திரைக்குப் பின்னால் நின்றவளையும் சொல்வேன். மணி இரண்டாம் முறை அடித்தாலும் இறங்க மாட்டேன்; ஓங்கிய உலக்கையோடு ஒருவர் குளப்படியில் நின்ற நேரத்தை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை.

தொடங்கும் சொல்லையும் முடிவு செய்துவிட்டேன். நிறுத்திச் சொல்வேன். ஆறு.